நேயர் வேறு, வாக்காளர் வேறு: ஸ்காபரோவில் தேர்தலில் நின்ற அனுபவம்

ரொறன்ரோவில் தமிழ் வானொலியில் அரசியல் பேசும் எவரையும் ஒரு கேள்வி ஒருநாள் தேடி வந்தே தீரும்: "அண்ணை, நீங்களே நிற்கலாமே?" நேயர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கோவில் வீதியில் மறித்தும் கேட்பார்கள். என்னையும் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2018 ஒக்டோபர் 22ஆம் திகதி நடந்த ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தலில் ஸ்காபரோவின் ஒரு வட்டாரத்தில் வேட்பாளராக நின்றேன். வெல்லவில்லை. இன்று வானொலியிலும் யூடியூப்பிலும் அரசியல் பேசும் நம் இளையவர்களில் சிலர் நிற்கும் எண்ணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்தவன் நான். முதலில் தொழிற்சாலை, பிறகு காப்புறுதி அலுவலகம், வார இறுதியில் வானொலி. அந்தக் காலத்தில் நம் நிகழ்ச்சிகள் பலவற்றைச் சாதாரண வானொலியில் கேட்க முடியாது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். ஸ்காபரோவின் அடுக்குமாடி வீடுகளில் அந்தப் பெட்டி சமையலறையில்தான் இருக்கும். காலையில் போட்டால் இரவு படுக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கும். ஒட்டாவாவில் குடிவரவுச் சட்டம் மாறினால் நமக்கு என்ன ஆகும், கொழும்பில் என்ன நடக்கிறது, டெல்லி ஏன் மௌனமாக இருக்கிறது என்பதையெல்லாம் எல்லோருக்கும் விளங்கும்படி சொல்வது என் வேலை. 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்குத் தெரிவானபோதும், 2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்துக்குப் போகும் முதல் தமிழரானபோதும் நான் ஒலிவாங்கியின் முன்னால் இருந்தேன். ராதிகா வென்ற செய்தி வந்த இரவில் தொலைபேசியில் வந்த நேயர்கள் பலருக்குப் பேச வரவில்லை. அழுதார்கள்.

இந்தத் தொழில் ஒருவருக்குத் தரும் செல்வம் சிறியது அல்ல. மக்கள் நம்மை நம்புகிறார்கள். சிக்கலான சட்டத்தை எளிமையாகச் சொல்லும் பழக்கம் வருகிறது. எதிர்க்கேள்விக்கு அஞ்சாத மனம் வருகிறது. வேட்பாளருக்கு இவை மூன்றும் வேண்டும். ஆனால் இவை எதையும் அப்படியே வாக்காக மாற்ற முடியாது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வேட்பாளரான உடனே நடப்பது, குரல் போய்விடுவது. கனடாவில் தேர்தல் காலத்தில் வேட்பாளர்களுக்கு ஒலிபரப்பு நேரம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்பது, ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பான சி.ஆர்.டி.சி.யின் விதி. அதனால் நிகழ்ச்சி நடத்துபவர் ஒருவர் வேட்பாளரானால், தேர்தல் முடியும்வரை அவர் ஒலிவாங்கியை விட்டு விலக வேண்டும். நீதியான விதி. நான் மதிக்கிறேன். ஆனால் நம்மை நாலுபேருக்குத் தெரியவைத்த ஒரே கருவி, நமக்கு அது மிகவும் தேவைப்படும் மாதங்களில் கையில் இருக்காது. ஆகவே நிற்பது என்று முடிவெடுத்தவர்கள் வானொலிக்கு வெளியே ஒரு தொடர்பு வலையை முன்கூட்டியே பின்ன வேண்டும். தொலைபேசி எண்கள், மின்னஞ்சல் முகவரிகள், எந்தத் தெருவில் யார் இருக்கிறார் என்ற குறிப்பு இவ்வளவும் ஒரு வருடத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயரிடம், "நீங்கள் எந்தச் சந்தியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதி வைத்தாலே அரைவாசி வேலை முடிந்துவிடும்.

செப்டெம்பரில் வேட்பாளர்களுக்கு வாக்காளர் இடாப்பு கிடைக்கும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பிவைத்துக்கொண்டு மனைவியும் நானும் இரண்டு தொண்டர்களும் பென்சிலோடு இருந்தோம். தெரு தெருவாகத் தமிழ்ப் பெயர்களுக்குக் கோடு போட்டுக்கொண்டு போனோம். மார்க்கம் வீதி ஓரத்து ஓர் அடுக்குமாடியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் மாடிக்கு மாடி இருந்தன. இடாப்பில் அவர்களில் பாதிப் பேர் இல்லை. காரணம் தேடினால் பலவாறு வந்தது. சிலர் இன்னும் நிரந்தர வதிவாளர்கள், குடியுரிமை எடுக்கவில்லை. சிலர் வீடு மாறிய பிறகு முகவரியைத் திருத்தவில்லை. வாராவாரம் என் நிகழ்ச்சிக்குத் தவறாமல் அழைக்கும் ஐயா ஒருவர் ஏஜாக்ஸில் இருந்தார். என்னோடு மிகக் கடுமையாக வாதாடும் அக்கா ஒருவர் பிரம்ப்டனில். மார்க்கத்தில் எத்தனையோ பேர். நம் சமூகம் ஸ்காபரோவில் தொடங்கி, பெரிய வீடு தேடி வடக்கேயும் கிழக்கேயும் பரவிவிட்டது. வானொலி அலை அவர்கள் எல்லோரையும் தொடும். வட்டார எல்லை தொடாது.

ஒன்ராறியோவில் கனடியக் குடியுரிமை உள்ள 18 வயது நிரம்பியவர் மட்டுமே மாநகரத் தேர்தலில் வாக்களிக்கலாம். நிரந்தர வதிவாளர்களுக்கும் வாக்குரிமை தர வேண்டும் என்று 2013இல் ரொறன்ரோ மாநகரசபையே மாகாணத்திடம் கேட்டது. மாகாணம் இணங்கவில்லை. வரி கட்டி, பேருந்தில் போய், பிள்ளைகளை இங்குள்ள பள்ளிக்கே அனுப்பும் மனிதருக்குத் தன் தெருவைப் பற்றிச் சொல்ல வாக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஆனால் வாக்கு இல்லாதவரும் ஒன்ராறியோவில் வசித்தால் நன்கொடை தரலாம், தொண்டராக வேலை செய்யலாம். என் தொண்டர்களில் மிகவும் உழைத்தவர்கள் அவர்கள்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசலும் உண்டு. மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ குடியிருப்பவர், ரொறன்ரோவில் வீடோ கடையோ சொந்தமாக வைத்திருந்தால், அல்லது வாடகைக்கு எடுத்திருந்தால், ரொறன்ரோவிலும் வாக்களிக்கலாம். அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும் அந்த உரிமை உண்டு. புது வீட்டுக்குப் போனபின் பழைய ஸ்காபரோ வீட்டை விற்காமல் வாடகைக்குக் கொடுத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, உரிமையை விளக்கி, இடாப்பில் சேர்ப்பது பெரிய வேலை. ஓகஸ்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.

இனி வாசற்படி. வானொலியில் ஒரு விடயத்தைப் பேச எனக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். வாசலில் அரை நிமிடம். அதுவும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், உள்ளே குழந்தை அழும்போது. அந்த அரை நிமிடத்தில் யாரும் இந்தியப் பெருங்கடல் அரசியலைக் கேட்பதில்லை. 54ஆம் இலக்க லோறன்ஸ் கிழக்குப் பேருந்து ஏன் மூன்று சேர்ந்தாற்போல் வருகிறது, பிறகு ஏன் நெடுநேரம் ஒன்றும் வருவதில்லை என்று கேட்பார்கள். மின்விளக்கு இல்லாத நடைபாதையைக் காட்டுவார்கள். ஒரு முதிய கிரேக்கப் பெண்மணி என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, தன் கார்ப்பாதை தெருவோடு சேரும் இடத்தைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார். பனி அகற்றும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, அள்ளிய பனியை அந்த இடத்தில் மேடாகக் குவித்துவிட்டுப் போகிறதாம். அது இறுகிக் கல்லாகிவிடும். அவரால் வெட்ட முடியாது. வைத்தியரிடம் போக வேண்டிய நாளில் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். ஸ்காபரோவில் அந்த மேட்டை அகற்றுவது மாநகரத்தின் சேவைகளில் ஒன்று. எந்தப் பனிப்பொழிவுக்கு வருவார்கள், வராவிட்டால் மாநகரத்தின் சேவை எண்ணான 311க்கு அழைத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை அன்றிரவே படித்து, மறுநாள் திரும்பிப் போய்ச் சொன்னேன். என் அரசியல் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பயனுள்ள விளக்கவுரை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அரசியல் விமர்சகர் எதையும் எடை போட்டுச் சொல்லப் பழகியவர். "இதில் மூன்று கோணங்கள் உண்டு" என்று தொடங்குவது நம் கைப்பழக்கம். வாசலில் நிற்பவர் கேட்பது, "நீ என்ன செய்வாய்?" என்பது. மாநகரசபைக்கு எது அதிகாரம், மாகாணத்துக்கு எது, ஒட்டாவாவுக்கு எது என்று தெளிவாகத் தெரியாமல் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. பேருந்து, குப்பை, நூலகம், பூங்கா, தெருப்பனி, கட்டட அனுமதி இவை நகரத்தின் பொறுப்பு. மருத்துவமனைக் காத்திருப்பு நகரத்தின் கையில் இல்லை. அதை மாற்றுவேன் என்று வாக்குறுதி தருபவர் தன் நம்பகத்தன்மையைத் தானே விற்கிறார்.

பழைய பேச்சு என்ற விடயத்துக்கு வருகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு இது மற்ற வேட்பாளர்களுக்கு இல்லாத சுமை. ஆசிரியரோ வழக்கறிஞரோ தேர்தலில் நின்றால் அவருடைய பழைய கருத்துகள் எங்கும் பதிவாகியிருக்காது. விமர்சகரின் இருபது வருடப் பேச்சும் யாரோ ஒருவருடைய கணினியில் இருக்கும். இஸ்தான்புல்லில் பிறந்த அமெரிக்கரான செங்க் உய்குர், இணைய அரசியல் நிகழ்ச்சியால் பல லட்சம் பேர் அறிந்தவர், 2020இல் கலிபோர்னியாவின் 25ஆவது தொகுதியில் காங்கிரஸ் சபைக்கு நின்றார். பெண்களைப் பற்றி அவர் முன்பு எழுதியவை வெளியே வந்தன. அவருக்குக் கொடுத்த ஆதரவைச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் மறுநாளே திரும்பப் பெற்றார். வாக்குகள் 7 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஏதென்ஸில் பிறந்த அரியானா ஹஃபிங்டன், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பெயர்பெற்ற விமர்சகர், 2003இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்று, வாக்களிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது விலகினார். இருவருக்கும் இருந்த புகழில் நூறில் ஒரு பங்குகூட நமக்கு இல்லை. புகழ் மட்டும் தொகுதியை வென்று தராது என்பதை அவர்களிடமிருந்தே கற்கலாம்.

எனக்கு வந்த கேள்வி வேறு வகை. பழைய தனி வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், ஓய்வு பெற்ற வெள்ளையர் ஒருவர் என் துண்டறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "அந்த நெடுஞ்சாலையை மறித்தவர்களில் நீங்களும் ஒருவரா?" 2009 மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், நம் மக்கள் ரொறன்ரோவின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். ஒன்பது வருடம் கழித்தும் அவர் மறக்கவில்லை. என்னோடு வந்த தொண்டர், இருபது வயதுப் பிள்ளை, பேச்சை மாற்றும்படி என் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார். நான் மாற்றவில்லை. "நான் அன்று வானொலி நிலையத்தில் இருந்தேன். என் சகோதரியின் குடும்பம் அப்போது வன்னிக்குள் இருந்தது. மூன்று நாட்களாகச் செய்தி இல்லை. வீதியில் ஏறியவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒருவர் உள்ளே இருந்தார்" என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அன்று தான் காரில் மாட்டிக்கொண்டதாகவும், ஏன் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னார். துண்டறிக்கையைத் திருப்பித் தராமல் உள்ளே கொண்டுபோனார். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று தெரியாது. ஆனால் தமிழர் வேட்பாளர் எவரும் அந்தக் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். 2010இல் சன் சீ கப்பலில் அகதிகளாக வந்த 492 தமிழரைப் பற்றியும் கேட்பார்கள். நாம் யார் என்பதை ஒளித்து வாக்குக் கேட்கக் கூடாது. கேட்டாலும் கிடைக்காது.

2018ஐ மற்றத் தேர்தல்களோடு ஒப்பிட முடியாது. வேட்புமனு நிறைவடைந்த ஜூலை 27ஆம் திகதியே, மாகாண முதல்வர் டக் போர்ட் மாநகரசபையின் 47 வட்டாரங்களை 25 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். ஓகஸ்டில் சட்டம் நிறைவேறியது. செப்டெம்பர் 10இல் நீதிபதி ஒருவர் அதைத் தள்ளினார். 19இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வாக்களிப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் எங்கள் வட்டாரத்தின் எல்லை எது என்பது உறுதியானது. நான் கோடை முழுவதும் நடந்த தெருக்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெரிய வட்டாரத்தின் ஒரு மூலையாகிவிட்டன. பழைய வட்டார இலக்கம் அச்சிட்ட துண்டறிக்கைகள் பெட்டிபெட்டியாகக் கிடந்தன. ஏற்கெனவே பதவியில் இருந்த உறுப்பினர்கள் ஒரே இடத்துக்கு மோத வேண்டிவந்தது. பெயர் தெரிந்தவர்களுக்கே பெரிய வட்டாரம் வசதி. மாநகரசபை உறுப்பினராக இருந்த நீதன் சண், ஸ்காபரோ ரூஜ் பார்க் வட்டாரத்தில் அந்தத் தேர்தலில் இருநூறுக்கும் குறைவான வாக்குகளால் தோற்றார். கடைசிவரை நடந்து திரிந்த மனிதர். அவருக்கே அந்த நிலை. 2021இல் கனடிய உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்த நான்கு நீதிபதிகளின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. தேர்தல் நடுவில் எல்லையை மாற்றுவது, புதிதாக வருபவரின் காலடி மண்ணை இழுப்பது.

பண விடயத்தில் நம்மவர்கள் அன்பாலேயே நம்மைச் சிக்கவைப்பார்கள். கடை வைத்திருக்கும் நண்பர் தன் நிறுவனத்தின் பெயரில் காசோலை எழுதித் தருவார். வாங்கக் கூடாது. ஒன்ராறியோ மாநகரத் தேர்தல்களில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்கு நன்கொடை தர முடியாது. தனி மனிதர் மட்டுமே தரலாம், சபை உறுப்பினர் பதவிக்கு நிற்கும் ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் 1,200 டொலர். 25 டொலருக்கு மேல் காசாக வாங்கக் கூடாது. நிதி சேர்க்கும் இராப்போசன விருந்துக்குச் சமையல்காரர், "உங்களிடம் காசு வாங்குவதா அண்ணை?" என்பார். அந்தக் கொத்து ரொட்டியும் நன்கொடைதான், நிறுவனத்தின் நன்கொடை. சந்தை விலையைக் கொடுத்து பில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மண்டபமும் அச்சுக்கூலியும் அப்படியே. இதை அன்போடு விளக்கிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. ரொறன்ரோவில் நன்கொடையின் ஒரு பகுதியை மாநகரமே திருப்பித் தரும் திட்டம் உண்டு. 300 டொலர்வரை தருபவருக்கு நான்கில் மூன்று பங்கு திரும்பும். இதை விளக்கினால் சாதாரணத் தொழிலாளியும் பங்கெடுப்பார். பெரும் பணக்காரர் ஒருவரில் தங்கியிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்காளர் ஒருவரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் கணக்காய்வு கட்டாயம். தேர்தலுக்கு அடுத்த மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்குள் நிதி அறிக்கை போக வேண்டும். தாமதக் கட்டணத்தோடு தரும் 30 நாள் அவகாசமும் தவறினால் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது. நேரத்துக்குக் கொடுத்தால் வேட்புமனுவுக்குக் கட்டிய 100 டொலரும் திரும்பிவிடும்.

அடுக்குமாடிகளில் வாசற்காவலரோ பராமரிப்பாளரோ உள்ளே விடமாட்டார்கள். சண்டை வேண்டாம். காலை 9 மணி முதல் இரவு 9 மணிவரை வேட்பாளரைத் தடுக்கக் கூடாது என்று மாநகரத் தேர்தல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பிரிவை அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்து பணிவாகக் காட்டினால் கதவு திறக்கும்.

பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், கோவில்கள் நமக்குப் பலம். தொண்டர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். ஆனால் ஒரே வட்டாரத்தில் தமிழர் பலர் நிற்கும்போது அந்தச் சங்கங்கள் பிளவுபடும். யாரை ஆதரிப்பது என்று நிர்வாகசபைக்குள் மனக்கசப்பு வரும். ஆதரவு அறிக்கை கேட்டு எந்தச் சங்கத்தையும் நெருக்காதீர்கள். தனித்தனி மனிதர்களாக வந்து கதவு தட்டச் சொல்லுங்கள். நம்மிடையே வென்றவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். கரி ஆனந்தசங்கரி வழக்கறிஞராக ஆண்டுக்கணக்கில் வேலை செய்த பிறகு 2015இல் நாடாளுமன்றம் போனார். யுவனிதா நாதன் பள்ளிச் சபையில் இருந்து, 2022இல் மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் ஒட்டாவாவுக்கும் போனார். அவர்களை அயலவர்கள் முன்பே வேலையால் அறிந்திருந்தார்கள். நம்மைக் குரலால் மட்டுமே அறிந்திருக்கிறார்கள், அதுவும் தமிழ் தெரிந்தவர்கள் மட்டும்.

வாக்குகளை இயந்திரம் எண்ணுவதால் இரவு 8 மணிக்கு வாக்களிப்பு முடிந்து சிறிது நேரத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சிலர் கலங்கினார்கள். மறுநாள் காலை அவர்களோடுதான் தெருத்தெருவாகப் போய்ப் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கினோம். பிறகு நான் வானொலிக்குத் திரும்பினேன். இப்போது என் நிகழ்ச்சியில் வாரம் ஒரு பகுதி மாநகரசபைக்கு உரியது. 2022 தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 சதவீதத்தைத் தொடவில்லை என்ற செய்தியை வாசித்தபோது, தோற்ற இரவில் வராத வேதனை வந்தது.

அடுத்த மாநகரத் தேர்தல் 2026 ஒக்டோபர் 26ஆம் திகதி. வேட்புமனு மே 1ஆம் திகதி தொடங்கும், 25 வாக்காளரின் ஒப்பம் வேண்டும். நிற்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே ஸ்காபரோ சிவிக் சென்டருக்குப் போங்கள். அங்கே ஸ்காபரோவின் உள்ளூர் விடயங்களைக் கவனிக்கும் மாநகரசபைக் குழுவான ஸ்காபரோ சமூகசபை கூடுகிறது. எவரும் போய் உட்காரலாம். நிகழ்ச்சிநிரலில் உள்ள விடயம் ஒன்றில் பேசப் பெயர் பதிந்தால் சில நிமிடம் தருவார்கள், கட்டணம் இல்லை. உங்கள் தெருவின் வேகத்தடையோ பேருந்துத் தரிப்பிடமோ வரும் நாளைப் பார்த்துப் போங்கள். பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அக்காவையும் எதிர்வீட்டு ஜமேக்கா ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.